நூற்றுப் பதின்மூன்றாவது சீட்டு

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பாட்டில்.
இடது கை கழுத்தைப் பிடிக்கும்,
வலது கை ஒட்டும்.
லேபிள் கோணினால் கூலியில் பிடிப்பார் வில்ஃபிரட் சார்.
விரிகோட்டில் ரெயில்வே கேட் தாண்டி
தகரக் கூரை போட்ட பாக்கிங் கம்பெனி.
தூத்துக்குடியிலிருந்து டாங்கர் வரும்,
உள்ளே சோயா எண்ணெய்,
எந்தக் கண்டத்து வெயிலில் காய்ந்த பயறோ.
கூட வந்த தாளில் ஒரு வரி இருந்தது.
நான் பிளஸ் டூ. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

காந்தி ஜெயந்திக்குக் கிராமசபை.
நாலு மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
தெருவிளக்கு, குடிதண்ணீர், குளத்து ஆகாயத்தாமரை
எல்லாம் முடிந்து, பதினொன்றாவதாக
ஷைனி எழுந்தாள்:
"நம்ம பஞ்சாயத்தில விக்கிற பாக்கெட்டில
மரபணு மாத்தினதுண்ணா
மாத்தினதுண்ணு எழுதணும்.
திங்கணுமா வேண்டாமாண்ணு
பெறவு நாங்க தீருமானிப்போம்."

ஏத்தன் வாழை போட்டிருக்கும் தாசையன் கேட்டார்:
"டிஷ்யூ கல்ச்சர் கண்ணு அதில வருமா?"
வராது என்றாள். அவர் நம்பவில்லை.
இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் மரிய புஷ்பம்,
இங்கே ஓட்டில்லாதவள்,
கூடையை வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னாள்:
"எனக்க சாளைக்கு லேபிள் வேண்டாம்,
செவுளைத் தூக்கிப் பாரு.
எண்ணெய்க்குச் செவுளு எங்க இருக்கு?"

வில்ஃபிரட் சார் முன்வரிசையில்.
"அப்பிடி எழுதினா யாரு வாங்குவா?
எனக்க கம்பெனியில பதினாலு பெண்ணுவ
வேல பாக்குதுவ."
பதினாலில் ஒன்பது பேர் அங்கே இருந்தோம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கை தூக்கச் சொன்னார் தலைவர்.
தூறுகிறதா என்று பார்ப்பதுபோல
பாதி நீண்டு நின்றன கைகள்.
"சீட்டுப் போடணும்" என்றது ஒரு குரல், பின்னாலிருந்து.
தாள் இல்லை.
கிளார்க்கிடம் மினிட் புத்தகம் மட்டும்.
ரோஸ்லெட்டுக்க பையில இருக்கும் என்றார் யாரோ.

இருந்தது.
அச்சு கோணிப்போன லேபிள் சுருள்,
அடுப்படி அலமாரியில் விரிக்க எடுத்து வைத்தது.
மெழுகுத்தாள் பக்கம் பேனா வழுக்கியது.
ஆகவே முன்பக்கத்தில் எழுதினார்கள்,
பச்சைப் புள்ளிக்குக் கீழே,
பேட்ச் நம்பருக்கு மேலே,
ஒன்றும் அச்சிடாமல் விட்ட அந்த வெள்ளையில்.
வேணும். வேண்டாம். வேணும். வேணும்.
ஒருவர், 'ரோடு எப்ப போடுவிய?'

காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து எண்ணினார்கள்.
வேணும் அறுபத்து மூன்று.
வேண்டாம் நாற்பத்தொன்று.
செல்லாதது எட்டு.
கிழித்துக் கொடுத்தது நூற்றுப் பதின்மூன்று,
வந்தது நூற்றுப் பன்னிரண்டு.
கிளார்க் டின்னைத் தட்டிப் பார்த்தான்.
பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள்.
"ஒண்ணு தானே, போட்டும்" என்றார் தலைவர்.

தீர்மானம் நாகர்கோவிலுக்குப் போகும்.
கலெக்டர் ஆபீசில் ஏதோ ஒரு கோப்பில் படுக்கும்.
சட்டம் டெல்லியில் அல்லவா இருக்கிறது
என்று சிரித்து, எல்லோருக்கும் டீ சொன்னார் வில்ஃபிரட் சார்.
ஷைனிக்கும்.

அந்த ஒன்று என்னுடையது.
எழுதத்தான் பேனா வாங்கினேன்.
'வே' வரை எழுதினேன்.
வேணுமுக்கும் வேண்டாமுக்கும் அதுவரை ஒரே வழி.
வேலைக்கும் அதுதான் முதலெழுத்து.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
வாட்சைத்தான் பார்த்தார்.
பின்தாள் எப்போது உரிந்ததோ,
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.
கையை மூடிக்கொண்டேன்.

ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தேன்.
தாள் போனது. பசை போகவில்லை.

காலை எட்டு மணி.
இடது கை கழுத்தைப் பிடிக்கிறது.
பச்சைப் புள்ளிக்குக் கீழே அந்த இடம்,
கட்டைவிரலை வைத்து அளந்தேன்,
ஒரு வார்த்தை தாராளமாய்க் கொள்ளும்.
ஒட்டினேன்.
கோணாமல்.